விண்கல்லுக்காக வழக்காடிய விஞ்ஞானி கிளாட்னி

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். தீர விசாரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே அத்தாட்சியாக இருக்கிறது. அவர் பெயர் எர்ன்ஸ்ட் கிளாட்னி. ஜெர்மானியர். ஒலி பற்றிய ஆராய்ச்சிக்குத் தந்தை என்று உலகம் இன்றும் அவரைப் போற்றுகிறது. அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் நம்மில் பலருக்குத் தெரியாது. வானத்திலிருந்து கல் விழுகிறது என்று குடியானவர்கள் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் உட்கார்ந்து விசாரித்தவர் கிளாட்னி.

விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படுகிறவர்கள் எரிநட்சத்திரம் பாய்வதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள். சர்ரென்று ஒரு கோடு, மறு விநாடி ஒன்றுமில்லை. அது என்னவென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், விண்வெளியில் திரியும் சிறு கல் காற்றிலே எரிகிறது என்று பட்டென்று சொல்லிவிடும். இந்தப் பதில் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஒரு மனிதர் தம் நல்ல பெயரையே பணயம் வைத்து நமக்கு வாங்கிக் கொடுத்தது அது.

அப்பாவின் கண்டிப்பு

1756-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள், சாக்சனி நாட்டில் விட்டன்பர்க் என்ற ஊரில் கிளாட்னி பிறந்தார். தகப்பனார் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஒரே பிள்ளை என்றால் செல்லம் கொடுத்து வளர்ப்பார்கள் என்று நினைப்போம். இங்கே நடந்தது நேர்மாறு. அப்பா மகா கண்டிப்பு. பையன் தன் இஷ்டத்துக்கு வெளியே போகக்கூடாது, மற்றப் பிள்ளைகளோடு ஓடியாடக்கூடாது. வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த சிறுவன், உலகப் படங்களையும் பூகோள நூல்களையும் பார்த்துப் பார்த்துத் தூரதேசங்களைக் கனவு கண்டான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன படிப்பது என்ற கேள்வி வந்தது. பையனுக்கு இயற்கையை ஆராய்வதில் ஆசை. அப்பாவோ சட்டம்தான் படிக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். எதிர்த்துப் பேச முடியுமா? விட்டன்பர்க்கிலும் லைப்சிக் நகரத்திலும் சட்டம் படித்தார். 1782-ல் சட்டப் பட்டம் கைக்கு வந்தது. அதே ஆண்டில் தகப்பனார் காலமானார்.

கிளாட்னி சட்டப் புத்தகங்களை மூடி வைத்தார். தாம் விரும்பிய விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 25. கையில் வேலையில்லை, நிலையான வருமானம் இல்லை. வேண்டாவெறுப்பாகப் படித்த அந்தச் சட்டப் படிப்பு வீண் என்றுதான் அன்று யாரும் நினைத்திருப்பார்கள். அது எங்கே, எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மணல் போட்ட கோலம்

சங்கீதம் கற்றுக்கொள்ளக் கிளாட்னிக்கு 19 வயது வரை வாய்ப்புக் கிடைக்கவில்லை. கற்றுக்கொண்டபின் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வாத்தியத்திலிருந்து ஒலி எப்படிப் பிறக்கிறது? ஒலிக்கும் பொருள் அதிர்கிறது என்பது தெரியும். அந்த அதிர்ச்சியைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

அவர் ஒரு கண்ணாடித் தட்டையோ பித்தளைத் தட்டையோ நடுவில் பிடித்து நிறுத்தினார். மேலே மெல்லிய மணலைத் தூவினார். தட்டின் விளிம்பில் வயலின் வில்லால் இழுத்தார். தட்டு பாடியது. மணல் துள்ளியது. அதிரும் இடங்களை விட்டு ஓடி, அசையாத இடங்களில் வரிசையாகப் போய் நின்றது. வட்டம், நட்சத்திரம், கட்டம் என்று வாசலில் போட்ட கோலம்போல் விதவிதமான உருவங்கள் தோன்றின. வில்லை வேறு இடத்தில் இழுத்தால் வேறு சுருதி, வேறு கோலம்! 1787-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைக்கும் பள்ளிக்கூடச் சோதனைச் சாலைகளில் இந்த உருவங்களைக் கிளாட்னி உருவங்கள் என்றே சொல்கிறார்கள்.

பேர் கிடைத்தது, பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. சாகும்வரை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. அவர் மனம் தளர்ந்தாரா? இல்லை. தாமே இரண்டு புது வாத்தியங்களைச் செய்தார். அவற்றையும் தட்டுகளையும் ஒரு குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுவதும் ஊர் ஊராகப் போனார். காசு கொடுத்து வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார், சோதனை செய்து காட்டினார், விளக்கம் சொன்னார். வெளியே விடாமல் வளர்க்கப்பட்ட பையன் வாழ்நாளெல்லாம் சாலையிலேயே கழித்தான் என்பது வேடிக்கைதான்.

ஒரு பேச்சில் பிறந்த கேள்வி

இந்தப் பயணத்தில் 1793-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கெட்டிங்கன் நகரத்துக்கு வந்தார். அங்கே லிக்டன்பர்க் என்ற புகழ்பெற்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். மின்சாரத்தால் தூள்களில் உருவம் வரவழைத்தவர் அவர். கிளாட்னிக்கு மணல் தூவும் யோசனையே அவருடைய சோதனையிலிருந்து வந்ததுதான். இருவரும் உட்கார்ந்து பேசும்போது வானத்தில் ஓடும் நெருப்புப் பந்துகளைப் பற்றிப் பேச்சு வந்தது. 1791-ல் லிக்டன்பர்க்கே அப்படி ஒன்றைப் பார்த்திருந்தார்.

இவை என்ன? மின்னலா, காற்றில் எழும் ஆவி தீப்பற்றுகிறதா, அல்லது பூமிக்கு வெளியிலிருந்து வருகின்றனவா? யாருக்கும் திட்டமாகத் தெரியாது. பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தால் ஏதாவது புலப்படலாம் என்று பேச்சு முடிந்தது. நம்மில் எத்தனையோ பேர் இப்படிப் பேசிவிட்டு, சாப்பாட்டு நேரம் ஆனதும் எழுந்து போய்விடுவோம். கிளாட்னி நேரே கெட்டிங்கன் பல்கலைக்கழக நூல்நிலையத்துக்குப் போனார். மூன்று வாரம் அங்கேயே கிடந்தார்.

குடியானவர்களின் வாக்குமூலம்

அந்த நூல்நிலையத்தில் அவர் என்ன கண்டார்? பல நாடுகளில், பல நூற்றாண்டுகளில், கல் விழுந்ததைப் பார்த்தவர்கள் சொன்ன செய்திகளைக் கண்டார். அவற்றைப் படித்தவர்கள் எப்படித் தள்ளிவிட்டார்கள் என்பதையும் கண்டார். சிலவற்றை நாமும் பார்ப்போம்.

1768 செப்டம்பர் 13-ல், பிரான்சு நாட்டில் லூசே என்ற இடத்தில் இடி இடித்ததுபோல் ஓசை கேட்டது. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். ஒரு கல் விழுந்து மண்ணில் பாதி புதைந்தது. போய்த் தொட்டால் கையில் எடுக்க முடியாத சூடு. அந்தக் கல்லைப் பாரிஸ் நகர விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் சோதித்தார்கள். மூவரில் ஒருவர், பிற்காலத்தில் இரசாயனத்துக்கே தந்தை எனப்பட்ட லவாசியே. அவர்கள் சொன்ன தீர்ப்பு என்ன? கல் வானத்திலிருந்து வரவில்லை, தரையில் கிடந்த கல்லை மின்னல் தாக்கியிருக்கிறது என்பதுதான். பார்த்தவர்களின் பேச்சு எடுபடவில்லை.

1751 மே 26-ல், இன்றைய குரோவேஷியா நாட்டிலுள்ள ஹிராஷ்சினா என்ற ஊரின்மேல் ஒரு நெருப்புப் பந்து வெடித்து இரண்டு இரும்புக் கட்டிகள் விழுந்தன. பெரியது சுமார் 40 கிலோ. ஸாக்ரெப் நகரத்துக் கிறிஸ்தவ மேலதிகாரிகள், பார்த்தவர்களை அழைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு வாக்குமூலம் எழுதினார்கள். அந்தக் காகிதம் வியன்னா நகரத்தில் பத்திரமாக இருந்தது. 40 ஆண்டு கழித்து அதை வெளியிட்ட அறிஞரே, இரும்பு வானத்திலிருந்து விழுந்ததாக இந்தக் காலத்தில் நம்புவது தகாது என்று எழுதினார்.

மூன்றாவது, சைபீரியாவில் கிடைத்த இரும்பு. 1749-ல் கிராஸ்னோயார்ஸ்க் பக்கத்து மலையில் ஒரு கொல்லர் பெரிய இரும்புக் கட்டியைக் கண்டார். சுமார் 700 கிலோ எடை. அதைப் பாடுபட்டுத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். 1772-ல் பல்லாஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதைப் பார்த்தார். இரும்பு முழுவதும் கடற்பஞ்சுபோல் ஓட்டைகள். ஓட்டைகளுக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் மஞ்சள் மணிகள். அங்கிருந்த தாத்தார் மக்கள் அது வானத்திலிருந்து விழுந்த புனிதப் பொருள் என்று சொன்னார்கள். அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கேதான் அப்பா படிக்க வைத்த சட்டம் கிளாட்னிக்குக் கைகொடுத்தது. நீதிமன்றத்தில் சாட்சியை எப்படி எடை போடுவார்கள்? சாட்சி சொல்பவர் பட்டம் வாங்கியவரா என்று பார்ப்பதில்லை. தம் கண்ணால் பார்த்தாரா, பொய் சொல்வதால் அவருக்கு இலாபம் உண்டா, அவர் சொல்வது மற்றச் சாட்சிகளோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். கிளாட்னி அதே கேள்விகளைக் கேட்டார். ஒருவர் பிரான்சில், ஒருவர் குரோவேஷியாவில், ஒருவர் இத்தாலியில். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் சொல்வது ஒரே கதை. நெருப்புப் பந்து, பீரங்கி வெடித்ததுபோல் சத்தம், பிறகு மேலே கறுப்புத் தோல் படிந்த கனமான கல். இத்தனை பேரும் கூடிப் பேசிப் பொய் சொல்லியிருக்க முடியுமா?

பிறகு எதிர்க்கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மின்னல் என்கிறீர்களே, வானம் தெளிவாக இருக்கும்போதும் கல் விழுந்திருக்கிறதே? எரிமலை கக்கியது என்கிறீர்களே, சைபீரியாவில் அந்த இரும்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் எரிமலை எங்கே? மனிதன் உருக்கியது என்றால், இரும்போடு மஞ்சள் மணிகள் எப்படிச் சேர்ந்தன? நெருப்புப் பந்துகள் ஓடிய உயரத்தையும் வேகத்தையும் பல ஊர்களிலிருந்து பார்த்தவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். பூமியில் பிறந்த எந்தப் பொருளுக்கும் அவ்வளவு வேகம் கிடையாது. ஆகவே அவை வெளியிலிருந்து வருகின்றன என்று முடிவுக்கு வந்தார்.

63 பக்கப் புத்தகம்

1794-ஆம் ஆண்டு ரீகா, லைப்சிக் நகரங்களில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. மொத்தம் 63 பக்கம்தான். அதில் மூன்று செய்திகளைச் சொன்னார். வானத்திலிருந்து கல்லும் இரும்பும் விழுவது உண்மை. நெருப்புப் பந்து என்பது அப்படி விழும் பொருள் காற்றில் உரசிக் கொதிப்பதுதான். அந்தப் பொருள்கள் கிரகங்கள் உண்டானபோது மீந்த துண்டுகளாகவோ, உடைந்துபோன கிரகத்தின் சிதறல்களாகவோ இருக்க வேண்டும்.

பலன் என்ன? கேலிதான். கிரகங்களுக்கு நடுவே வெறும் வெளி, அங்கே ஒன்றும் கிடையாது என்பது அன்றைய படித்தவர்களின் உறுதியான எண்ணம். ஆதியிலிருந்தே நம்பிவந்த ஒழுங்கைக் கெடுக்கிறார் என்று சிலருக்குக் கோபம். தம் காலடியில் கல் விழுந்தாலும் நம்பப்போவதில்லை என்று ஓர் அறிஞர் சொன்னதாகவும் செய்தி உண்டு. முதலில் பேச்சைத் தொடங்கி வைத்த லிக்டன்பர்க்கே புத்தகத்தைப் படித்தபோது, அந்தக் கல் ஒன்று தம் தலையில் விழுந்ததுபோல் உணர்ந்தாராம்.

கிளாட்னி அப்போது வேலையில்லாத மனிதர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஊர் ஊராகப் போய்ச் சோதனை காட்டித்தான் பிழைப்பு. பேர் கெட்டால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் சாப்பாடு இல்லை. அது தெரிந்துதான் புத்தகத்தில் தம் பெயரைப் போட்டார். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

வானமே சாட்சி சொன்னது

புத்தகம் வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. 1794 ஜூன் 16-ல் இத்தாலியில் சியன்னா நகரத்தின் பக்கத்தில் பலர் பார்த்திருக்கக் கற்கள் மழைபோல் விழுந்தன. முதல் நாள்தான் வெசூவியஸ் எரிமலை வெடித்திருந்தது. உடனே பழியை எரிமலைமேல் போட்டார்கள். ஆனால் எரிமலை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது!

1795 டிசம்பர் 13-ல் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் வோல்டு காட்டேஜ் என்ற பண்ணையில் 25 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. பக்கத்தில் நின்ற உழவுத் தொழிலாளிமேல் மண் தெறித்தது. அங்கே எரிமலையே கிடையாது. 1798 டிசம்பர் 19-ல் நம் இந்தியாவில், காசிக்குப் பக்கத்தில் கிராக்ஹட் என்ற கிராமத்தைச் சுற்றிக் கற்கள் விழுந்தன. இரவு எட்டு மணி, வானத்தில் மேகமில்லை. ஒரு கல் காவற்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைப் பொத்துக்கொண்டு தரையில் புதைந்தது.

இந்தக் கற்களெல்லாம் லண்டனில் எட்வர்டு ஹவார்டு என்ற இரசாயன அறிஞரின் மேசைக்கு வந்து சேர்ந்தன. 1802-ல் அவர் முடிவை வெளியிட்டார். இத்தாலிக் கல், இங்கிலாந்துக் கல், காசிக் கல் எல்லாம் ஒரே ஜாதி. அவற்றில் இருந்த இரும்புத் துணுக்குகளில் நிக்கல் என்ற உலோகம் கலந்திருந்தது. சைபீரிய இரும்பிலும் அதே நிக்கல். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி விழுந்த கற்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருந்தால், தாய் எங்கே இருக்கிறாள்? பூமியில் இல்லை.

கடைசித் தீர்ப்பு பிரான்சில் கிடைத்தது. 1803 ஏப்ரல் 26-ல் லேக்ல் என்ற ஊரில் பட்டப்பகலில் சுமார் 3,000 கற்கள் கொட்டின. அரசாங்கம் பியோ என்ற 29 வயது விஞ்ஞானியை விசாரிக்க அனுப்பியது. அவர் கிராமம் கிராமமாக நடந்தார். பாதிரிமார், வண்டிக்காரர், குடியானவர் என்று பார்த்த பேரையெல்லாம் விசாரித்தார். கல் விழுந்த பள்ளங்களையும் முறிந்த கிளைகளையும் பார்த்தார். அந்த வட்டாரத்துச் சுரங்கத்திலோ பட்டறையிலோ அப்படிப்பட்ட கல் முன்பு இருந்ததில்லை என்றும் உறுதி செய்தார். கற்கள் வானத்திலிருந்துதான் விழுந்தன என்று அவர் எழுதிய அறிக்கைக்குப்பின் சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். கிளாட்னி புத்தகம் எழுதி ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.

கல் விழும்போது நடப்பது என்ன?

கிளாட்னி தொடங்கி வைத்த இந்த அறிவு இன்று எங்கேயோ வளர்ந்துவிட்டது. விழும் கற்களில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் சிறு கிரகங்களிலிருந்து உடைந்து வருகின்றன. அந்தச் சிறு கிரகங்களில் முதலாவது 1801-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சில கற்கள் சந்திரனிலிருந்தும் செவ்வாயிலிருந்தும்கூட வந்திருக்கின்றன. பழமையான விண்கற்களுக்கு வயது சுமார் 456 கோடி ஆண்டு. நம் பூமியில் கிடைக்கும் எந்தப் பாறையும் அவ்வளவு பழையதன்று.

கல் நம் காற்றுமண்டலத்தில் நுழையும்போது வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாது. 70 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. விநாடிக்கு 20 கிலோமீட்டர் போனால் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் பத்தே விநாடிதான்! சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைப் பார்த்திருக்கிறோம். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். கல்லின் முன்னால் காற்று அதைப்போல் பல ஆயிரம் மடங்கு அழுந்திக் கொதிக்கிறது. கல்லின் மேற்புறம் உருகி உதிர்கிறது. அரிசிமணி அளவு துணுக்குகள் மேலேயே சாம்பலாகிவிடும். அதுதான் எரிநட்சத்திரம்.

கொஞ்சம் பெரிய கல்லாக இருந்தால் வழியில் உடையும். காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடும். கடைசிச் சில கிலோமீட்டர் தூரம் வெளிச்சமில்லாமல், மேலேயிருந்து போட்ட கல்லைப்போலத்தான் விழும். குடியானவர்கள் பார்த்த அந்தக் கறுப்புத் தோல், உருகி மறுபடி உறைந்த மேற்புறமே. அது மிகவும் மெல்லியது. உள்ளே கல் குளிர்ந்தே இருக்கும்.

மிகப் பெரியது வந்தால் கதையே வேறு. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த இரும்புக் கல் 1.2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறது. 1908 ஜூன் 30-ல் சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுக் காட்டின்மேல் ஒன்று ஆகாயத்திலேயே வெடித்தது. 2,000 சதுரக் கிலோமீட்டர் காட்டில் மரங்கள் சாய்ந்தன. வெடிப்புக்கு நேர்கீழே நின்ற மரங்கள் மட்டும் கிளையெல்லாம் இழந்து கம்பம்போல் நின்றன. மற்றவை வெளிப்புறம் பார்த்துப் படுத்துக் கிடந்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோ நாட்டுக் கரையில் விழுந்த சுமார் 10 கிலோமீட்டர் அகலக் கல், டைனோசர் இனத்தின் பேரழிவுக்கே காரணமாயிற்று.

2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்தின்மேல் சுமார் 20 மீட்டர் கல் வெடித்தபோது நடந்ததை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வானத்தில் சூரியனைப்போல் வெளிச்சம். என்னவென்று பார்க்க மக்கள் சன்னல் பக்கம் ஓடினார்கள். வெளிச்சம் உடனே வந்துவிடும், ஓசை மெல்லத்தானே வரும்? ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. சுமார் 1,500 பேர் காயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் கண்ணாடி குத்திய காயங்கள். வானத்தில் அப்படி ஒரு வெளிச்சம் கண்டால் கண்ணாடிச் சன்னலை விட்டு விலகி நிற்க வேண்டும். இந்த அறிவும் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டதால்தான் கிடைத்தது.

வண்டியில் ஏறிய விண்கற்கள்

உலகம் ஒப்புக்கொண்டபின் கிளாட்னியின் வாழ்க்கை மாறியதா? கௌரவம் கூடியது, சம்பளம் வரவில்லை. 1809-ல் பாரிஸ் நகரத்தில் நெப்போலியன் சக்கரவர்த்தியின் முன் மணல் கோலங்களைப் போட்டுக் காட்டினார். சக்கரவர்த்தி வியந்துபோய், ஒலி பற்றிய அவர் நூலைப் பிரெஞ்சு மொழியில் கொண்டுவர 6,000 பிராங்கு கொடுத்தார். அந்தக் கோலங்களுக்குக் கணக்கு விளக்கம் தருபவருக்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. 1816-ல் அதைப் பெற்றவர் சோஃபி ஜெர்மைன் என்ற பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. வீட்டிலிருந்தே கணக்குக் கற்றவர் அவர்.

நெப்போலியன் நடத்திய போர்களால் விட்டன்பர்க் பாழாயிற்று. பல்கலைக்கழகமும் மூடியது. கிளாட்னி பக்கத்திலிருந்த கெம்பர்க் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான பிறகும் வண்டிப் பயணம் நிற்கவில்லை. இப்போது வண்டியில் வாத்தியங்களோடு விண்கல் துண்டுகளும் ஏறிக்கொண்டன. ஊர் ஊராக அவற்றைக் காட்டி, எங்கே விழுந்தது, யார் பார்த்தது என்று சொல்லுவார். 1819-ல், அதுவரை தெரிந்த வீழ்ச்சிகளையெல்லாம் திரட்டி வியன்னாவில் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். சேர்த்து வைத்த விண்கற்களை விற்றிருந்தால் நல்ல பணம் கிடைத்திருக்கும். அவற்றைப் பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார்.

1827 ஏப்ரல் 3-ஆம் நாள், சொற்பொழிவுக்காகப் போயிருந்த பிரெஸ்லாவ் நகரத்தில், 70-ஆம் வயதில் காலமானார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. சந்திரனில் விண்கல் மோதி உண்டான பள்ளம் ஒன்றுக்கு இன்று கிளாட்னி என்று பெயர். இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் அவருக்கு வேறு உண்டா?

நமக்கு என்ன பாடம்?

பெற்றோர்களே, கிளாட்னியின் தகப்பனார் மகனின் ஆசையைக் கேட்காமல் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளை 25 வயது வரை தன் வழியைத் தொடங்கவே முடியாமல் காத்திருந்தான். நம் பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மாணவமணிகளே, உங்களுக்கும் ஒன்று உண்டு. பிடிக்காத பாடம் என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். கிளாட்னிக்குப் பிடிக்காத சட்டம்தான், மற்ற விஞ்ஞானிகளுக்கு இல்லாத கண்ணை அவருக்குக் கொடுத்தது.

பாடுபட்டு உழைக்கும் நம் மக்களுக்கும் இந்த வாழ்க்கையில் ஒரு பங்கு இருக்கிறது. கல் விழுந்ததை முதலில் பார்த்தவர்கள் யார்? வயலில் நின்றவர்கள், ஏர் பிடித்தவர்கள், காவல் காத்தவர்கள். விடியலிலும் இருட்டிலும் வெட்டவெளியில் நிற்கிறவர்களுக்குத்தான் வானம் தன்னைக் காட்டுகிறது. அவர்கள் சொன்னது உண்மை. படிப்பில்லாதவர் பேச்சு என்று அதைத் தள்ளியதால் உலகம் பல ஆண்டுகளை வீணாக்கியது.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகள் நாளை பட்டம் வாங்குவார்கள், பதவியில் அமர்வார்கள். அப்போது ஓர் எளிய மனிதர் வந்து, நம்ப முடியாத ஒன்றைக் கண்டதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிக்காதீர்கள். உடனே நம்பிவிடவும் வேண்டாம். உட்காரச் சொல்லுங்கள். எங்கே, எப்போது, கூட இருந்து பார்த்தவர் யார் என்று கேளுங்கள். ஒரு தாளில் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளாட்னி அப்படித்தான் தொடங்கினார்.